பிள்ளை பள்ளியில் என்ன படிக்கிறது? சேலத்துப் பெற்றோரும் ஏற்காட்டுப் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏற்காட்டு மலைக் கிராமங்களில் சில ஆண்டுகள், பிறகு சேலம் அம்மாபேட்டைப் பக்கம் பல ஆண்டுகள் என்று தொடக்கப் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் பஸ் நிறுத்தத்தில், கல்யாண வீட்டில், ரேஷன் கடை வரிசையில் என்று பெற்றோர் என்னை நிறுத்திப் பேசுகிறார்கள். வெள்ளிப் பட்டறைக்காரர் கேட்டாலும் காப்பித் தோட்டத்துக் கூலிக்காரர் கேட்டாலும் அடியில் இருக்கும் கவலை ஒன்றுதான்: பிள்ளை தினமும் பை தூக்கிப் போகிறது, உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அப்படிக் கேட்டவர்களுக்குச் சொன்னவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், தறி வேலை. மகளின் நோட்டைப் பார்த்து எனக்கு என்ன புரியப்போகிறது, டீச்சர்?

புரியும் அம்மா. மலையில் இருந்தபோது காப்பிப் பழம் பறிக்கும் ஒரு தாயிடம், பேச்சுவாக்கில் ஒரு கணக்குக் கேட்டேன். கிலோவுக்கு 7 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள், 34 கிலோ பறித்தால் எவ்வளவு? வானத்தைப் பார்த்தார். "முப்பது கிலோவுக்கு இருநூற்றுப் பத்து, நாலு கிலோவுக்கு இருபத்தெட்டு, ஆக இருநூற்று முப்பத்தெட்டு" என்றார். அவர் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அன்று அவர் மகனுக்கு வகுப்பில் நடந்த பாடமும் அதுவேதான். 34-ஐ 30 என்றும் 4 என்றும் பிரித்து, தனித்தனியாகப் பெருக்கி, பிறகு கூட்டுவது. நோட்டைத் திறந்து அந்த இடத்தைக் காட்டினேன். "இதைத்தான் சொல்லித் தருகிறீர்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

நாம் படித்த காலத்தில் மேலே ஓர் எண், கீழே ஓர் எண், நடுவில் கோடு, ஒரே வழி. இப்போதைய புத்தகம் மனக்கணக்குப் போடுகிறவர்களின் வழியையும் சேர்த்துச் சொல்லித் தருகிறது. அதனால்தான் படித்த பெற்றோருக்கு அது அந்நியமாகப் படுகிறது. கடைக்கணக்கும் கூலிக்கணக்கும் வாயாலேயே போட்டுப் பழகியவர்களுக்கு அது சொந்தம். நீங்கள் தறியில் உட்காருகிறவர். பாவில் ஓர் இழை அறுந்தால் உங்கள் கண் நேராக அங்கே போய் நிற்கும். நோட்டைப் பார்ப்பதற்கும் அந்தக் கண்தான் வேண்டும்.

நோட்டில் எதைப் பார்ப்பது? சரி, தப்பு என்று டீச்சர்தான் போட்டுவிடுகிறாரே?

தப்பு விழுந்த இடத்தைப் பாருங்கள். அதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஒரு மூன்றாம் வகுப்புப் பையனின் நோட்டு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. 52-இலிருந்து 27-ஐக் கழிக்க வேண்டும். 35 என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் பெருக்கல் குறி. அடுத்த கணக்கு 63-இல் 38 போக மீதி. அதற்கும் 35 என்றுதான் எழுதியிருந்தான், அதற்கும் சிவப்புக் குறி. அப்பா தலையில் குட்டி, "கவனமே இல்லை" என்றார். அந்தப் பையன் கவனமாகத்தான் செய்திருக்கிறான். இரண்டில் ஏழு போகாது என்பது அவனுக்குத் தெரிகிறது. அதனால் ஏழில் இரண்டைக் கழித்து ஐந்து என்று எழுதிவிட்டான். ஐந்தில் இரண்டு போனால் மூன்று. ஆக 35. அடுத்த கணக்கிலும் மூன்றில் எட்டு போகாமல், எட்டில் மூன்றைக் கழித்திருக்கிறான். எந்தக் கணக்கு வந்தாலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழிப்பது என்று தனக்கென ஒரு சட்டம் போட்டு, அதை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறான். நூறு கணக்கு கொடுத்தாலும் இதே தப்பு நூறு முறை வரும். குட்டினால் போகாது.

அவன் அப்பாவிடம் பத்து ரூபாய் நோட்டு ஐந்தையும் ஒரு ரூபாய் நாணயம் இரண்டையும் மேசையில் வைக்கச் சொன்னேன். "எனக்கு 27 ரூபாய் கொடு" என்று பையனிடம் கேட்டேன். இரண்டு பத்து ரூபாய் நோட்டைக் கொடுத்தான். ஏழு ரூபாய்க்கு நாணயம் போதவில்லை. கொஞ்ச நேரம் திகைத்துவிட்டு அப்பாவைப் பார்த்து, "ஒரு பத்து ரூபாய்க்குச் சில்லறை கொடுங்கள்" என்றான். பத்து நாணயம் வந்தது, ஏழைக் கொடுத்தான், மீதியை எண்ணினான். 25. நோட்டில் "பக்கத்தில் கடன் வாங்கு" என்று நாம் சொல்லும் வித்தை இந்தச் சில்லறை மாற்றுவதுதான் என்று அன்றைக்கு அவனுக்குப் பிடிபட்டது.

ஆகவே தப்பைப் பார்த்ததும் "ஏன் தப்பாய்ப் போட்டாய்" என்று கேட்காதீர்கள். "இது எப்படி வந்தது, எனக்குச் சொல்" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பிள்ளை சொல்லிக்கொண்டே வரும்போது பாதி வழியில் தானே நிற்கும். அந்த இடத்தில்தான் பாடம் அறுந்திருக்கிறது. அதை மறுநாள் ஆசிரியரிடம் சொன்னால் அவருக்கும் பெரிய உதவி.

என் மகன் தமிழ்ப் புத்தகத்தைக் கடகடவென்று வாசிக்கிறான். படிக்கத் தெரிந்துவிட்டது என்று நம்பலாமா?

அவசரப்படாதீர்கள். பல பிள்ளைகள் பாடத்தை மனப்பாடமாகச் சொல்லும், விரல் மட்டும் வரிகளின் மேல் ஓடும். நடுவில் ஒரு சொல்லில் உங்கள் விரலை வைத்து "இது என்ன?" என்று கேளுங்கள். முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தால்தான் அந்தச் சொல் வருகிறது என்றால், அவன் படிக்கவில்லை, ஒப்பிக்கிறான்.

இதைவிட நல்ல சோதனை பஸ் பலகை. பழைய பேருந்து நிலையத்திலோ புதிய பேருந்து நிலையத்திலோ பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பலகையைப் படிக்கச் சொல்லுங்கள். "ஓமலூர்" எளிது. "ஏற்காடு" என்பதில் நான்கே எழுத்து, ஆனால் வல்லின ற-வுக்குப் புள்ளி, கா-வின் கால், டு-வின் சுழி மூன்றும் தெரிந்தால்தான் அந்தப் பெயர் வாயில் வரும். "வாழப்பாடி" இன்னும் ஒரு படி மேலே. பேச்சில் ழ-வும் ள-வும் ஒன்றாகிவிடுவதால் பலருக்கு அங்கே தடுக்கும். இந்த மூன்று பெயரையும் யாரும் சொல்லித் தராமல் படித்தால் உங்கள் பிள்ளைக்கு வாசிப்பு வந்துவிட்டது. பஸ் பலகையைக் கேள்வித்தாள் மாதிரி நீட்டாதீர்கள், விளையாட்டாகக் கேளுங்கள்.

சிலர் கேட்பது: அ, ஆ, இ என்று வரிசையாகத் தொடங்காமல் சில ஆசிரியர்கள் ட, ப, ம என்று தொடங்குகிறார்களே? தமிழில் 247 எழுத்து. எல்லாம் முடியும்வரை காத்திருந்தால் பிள்ளை ஒரு சொல் படிக்க மாதக்கணக்கில் ஆகும். எளிதாக எழுத வரும் இந்த மூன்று எழுத்தும் புள்ளியும் தெரிந்தாலே படம், மடம், பட்டம், மட்டம் என்று முதல் வாரத்திலேயே சொல்லாகப் படிக்கலாம். வரிசை பிறகு வரும்.

"அரும்பு" குழுவில் இருக்கிறாள் என்கிறார்கள். மக்குப் பிள்ளைகள் குழுவா அது?

இல்லவே இல்லை. மக்கு என்ற சொல்லை வீட்டில் யாரும் பிள்ளையின் காதுபடச் சொல்லிவிடாதீர்கள்.

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் சின்ன வகுப்புகளுக்குத் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. ஏறக்குறைய 19 மாதம். அந்த இடைவெளியில் எழுத்தும் எண்ணும் பல பிள்ளைகளுக்கு நழுவிப்போயின. அதைச் சரிசெய்யத் தமிழக அரசு 2022 ஜூனில் தொடங்கியதுதான் எண்ணும் எழுத்தும் திட்டம். முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை. அடுத்த ஆண்டில் நான்கும் ஐந்தும் சேர்ந்தன. இதில் பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதைவிட எந்த நிலையில் நிற்கிறது என்பதைப் பார்க்கிறார்கள். அரும்பு, மொட்டு, மலர் என்பவை அந்த நிலைகள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருந்தால் முதல் வகுப்பு எழுத்துகளில் இன்னும் பிடி இறுகவில்லை என்று பொருள். அதற்கேற்ற பயிற்சி கொடுப்பார்கள், பிடி இறுகியதும் மேலே நகர்த்துவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே: "மொட்டுக்குப் போக அவளுக்கு இன்னும் எது வர வேண்டும்?"

வகுப்பில் பாட்டும் ஆட்டமும் குச்சியுமாக இருக்கிறதே. எப்போது படிப்பார்கள்?

அந்தக் குச்சிதான் படிப்பு. பத்துக் குச்சியை ரப்பர் வளையத்தால் கட்டினால் ஒரு பத்து. மேலே சொன்ன 52 என்ற எண் ஐந்து கட்டும் இரண்டு உதிரியும். கட்டைத் தன் கையால் பிரித்த பிள்ளைக்குக் கழித்தல் மறக்காது. வாய்ப்பாடு வேண்டாமா என்றால், வேண்டும். 7 x 4 என்பது நான்கு ஏழுகள் என்று தெரிந்த பிறகு ஒப்பித்தால் அது காலத்துக்கும் நிற்கும்.

நாங்கள் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. மகள் ஏழாம் வகுப்பு, தசம எண்ணில் தடுமாறுகிறாள். எங்களால் ஏதாவது செய்ய முடியுமா?

உங்களைவிட யாரால் முடியும்? 0.25 பெரியதா 0.5 பெரியதா என்று கேட்டால், 25 பெரிய எண் என்று நினைத்து 0.25 என்று சொல்லும் பிள்ளைகள் நிறைய. செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்து ஒரு பட்டறைக்காரர் தன் மகளுக்கு இதைத் தீர்த்து வைத்ததை நேரில் பார்த்தேன். எடைத் தட்டில் கால் கிலோ வெள்ளியை வைத்தார். திரையில் 0.250. எடுத்துவிட்டு அரை கிலோ வைத்தார். 0.500. "எது கனம், கையில் தூக்கிப் பார்" என்றார். பிறகு திரையிலுள்ள கடைசிப் பூஜ்யத்தை விரலால் மறைத்து, "இப்போது எடை குறைந்துவிட்டதா?" என்று கேட்டார். புள்ளிக்குப் பின்னால் கடைசியில் வரும் பூஜ்யம் மதிப்பை மாற்றாது என்ற பாடத்தை ஒரு நிமிடத்தில் நடத்திவிட்டார். கரும்பலகையில் நான் அதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு. தமிழில் பேசிப் பழக்கச் சொல்கிறார்கள் சிலர். அப்படிச் செய்ய வேண்டுமா?

சேலத்தில் தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் பேசும் வீடுகள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. இப்போது வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் நம் வகுப்புகளில் உட்காருகிறார்கள். வீட்டு மொழியை நிறுத்தாதீர்கள். அன்று நடந்த பாடத்தைப் பிள்ளை உங்கள் மொழியில் உங்களுக்குச் சொன்னால், அதற்குப் புரிந்திருக்கிறது என்று பொருள். தமிழ்ச் சொற்கள் பள்ளியில் சேர்ந்துகொள்ளும். கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவும் இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். (பெயரைக் கேட்டுக் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடுகிறார்கள்; இவர்கள் சேர்வராயன் மலையின் மக்கள், பேசுவது தமிழ்.) உங்கள் பேச்சுக்கும் புத்தகத் தமிழுக்கும் தூரம் உண்டு. அந்தத் தூரத்தில் பிள்ளை தடுமாறினால் அது அறிவுக் குறைவாகாது. உங்கள் ஊரில் ஒரு மரத்துக்கு என்ன பெயர், புத்தகத்தில் என்ன பெயர் என்று இரண்டையும் பிள்ளை அறிந்துகொள்ளட்டும்.

பழம் பறிக்கும் காலத்தில் இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வருகிறோம். நோட்டைப் பார்க்க எங்கே நேரம்?

நவம்பர் முதல் ஜனவரி வரை ஏற்காட்டில் கை ஓய்வதில்லை. டிசம்பரில்தான் அரையாண்டுத் தேர்வும் வருகிறது. அந்த நேரத்தில் தினமும் நோட்டைப் பாருங்கள் என்று உங்களிடம் சொல்வது நியாயமில்லை. சோறு உண்ணும்போது ஒரே ஒரு கேள்வி போதும்: "இன்றைக்குப் புதிதாக ஒன்று சொல்." ஒரு நிமிடம் காது கொடுங்கள். ஒன்று மட்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தாதீர்கள். பறிப்பு முடிந்து அவள் திரும்பி வரும்போது வகுப்பு எங்கோ போயிருக்கும். நிறுத்தியே ஆக வேண்டிய நிலை வந்தால் முன்கூட்டியே ஆசிரியரிடம் சொல்லுங்கள். வழி இருக்கிறதா என்று அவரும் தேடுவார். சேலத்தில் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு வரிசையாக ஒரு வாரம் லீவு போடும் வீடுகளுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

பெற்றோர் கூட்டத்தில் என்ன கேட்பது? போனால் "நன்றாகப் படிக்க வையுங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

இங்கே என் தவற்றையும் சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் பேசினேன். மதிப்பெண்ணைப் படித்துக் காட்டுவேன், "கவனியுங்கள்" என்பேன், கையெழுத்து வாங்குவேன். ஒரு தகப்பனார் கைநாட்டு வைத்துவிட்டு, "எதைக் கவனிக்க வேண்டும் என்று சொன்னால் கவனிப்பேன் அம்மா" என்றார். என்னிடம் பதில் இல்லை. அடுத்த கூட்டத்திலிருந்து ஒவ்வொரு பிள்ளையின் நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 24-ஆவது பிரிவு, ஆசிரியரின் கடமைகளைச் சொல்லும் இடத்தில் இதையும் சொல்கிறது: பெற்றோரை முறையாகக் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் கண்ட முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும். ஆகவே தைரியமாகக் கேளுங்கள். இந்த மாதம் தமிழில் எது நடந்தது, கணக்கில் எது நடந்தது? அதில் என் பிள்ளைக்கு எது வந்துவிட்டது, எது வரவில்லை? நோட்டில் ஒரு பக்கத்தைக் காட்டிச் சொல்ல முடியுமா? எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் எழுத்தாக வரும் செய்தியைக் குரல் பதிவாக அனுப்பக் கேட்கலாம்.

அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டு. சட்டப்படி அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்துப் போடுவதோடு நின்றுவிடாதீர்கள். வகுப்பில் பிள்ளைகளின் வாசிப்பு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டிய இடம் அது.

ஆறாம் வகுப்பில் 66 வாங்கியிருக்கிறான், பாஸ். போதுமா?

அந்த 66 எப்படி வந்தது என்று பாருங்கள். 2012-13-இல் வந்த முப்பருவ முறையில் 100 மதிப்பெண்ணை இரண்டாகப் பிரித்தார்கள். 40 வளரறி மதிப்பீடு, அதாவது வகுப்பில் செய்யும் செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும் உரியது. 60 தொகுத்தறி மதிப்பீடு, பருவத்தின் கடைசியில் எழுதும் தேர்வு. 36-ம் 30-ம் சேர்ந்தாலும் 66தான். அப்படியென்றால் எழுத்துத் தேர்வில் பாதிதான் எழுதியிருக்கிறான். 20-ம் 46-ம் சேர்ந்து 66 என்றால் கதையே வேறு: தேர்வை எழுதிவிடுகிறான், வகுப்பில் பங்கெடுக்கவில்லை. கூட்டுத்தொகை இதைச் சொல்லாது.

இன்னொன்று. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை எல்லாரும் தேர்ச்சி. ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று 2019-இல் அறிவித்ததை 2020 பிப்ரவரியில் அரசே திரும்பப் பெற்றது. அது நல்லது என்றே நான் நினைக்கிறேன். பத்து வயதுப் பிள்ளையை ஃபெயில் ஆக்குவதால் அதற்கு எழுத்து வந்துவிடாது. ஆனால் "பாஸ்" என்ற சொல்லை வைத்துப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று கணக்கிட முடியாது. பஸ் பலகையையும் சில்லறைக் கணக்கையும் நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆங்கில வழியில் சேர்த்துவிட்டோம். எங்களுக்கு ஆங்கிலம் தெரியாது.

பாடநூல் கழகம் ஒரே பாடத்தை இரண்டு மொழியிலும் அச்சிடுகிறது. பக்கத்து வீட்டுத் தமிழ் வழிப் பிள்ளையின் பழைய அறிவியல் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாடநூல்களை இணையத்திலும் இலவசமாக எடுக்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், படம் ஒன்றாக இருக்கும், பாடமும் ஒன்றாக இருக்கும். "ஃபோட்டோசிந்தசிஸ்" என்று பிள்ளை நீளமாகச் சொன்னால் மயங்காதீர்கள். "செடி எதைச் சாப்பிடுகிறது, அதை எங்கே சமைக்கிறது?" என்று தமிழில் கேளுங்கள். இலை, வெயில், தண்ணீர், காற்று என்று சொன்னால் தெரிந்திருக்கிறது. விழித்தால் அந்தச் சொல் மட்டும்தான் தெரியும்.

டியூஷன் வைக்கலாமா?

முதலில் எங்கே அறுந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது தெரியாமல் டியூஷன் வைத்தால் பள்ளி வீட்டுப்பாடத்தை இன்னோர் இடத்தில் உட்கார்ந்து எழுதுவதோடு சரி.

அடித்தாவது சொல்லிக்கொடுங்கள் என்று நாங்களே சொல்லியும் அடிக்க மாட்டேன் என்கிறார்களே?

அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடை செய்கிறது. நீங்கள் சம்மதித்தாலும் அந்தத் தடை விலகாது. அடிக்குப் பயந்த பிள்ளை தப்பை மறைக்கும், மறைத்த தப்பை யாராலும் திருத்த முடியாது.

மகன் ப்ளஸ் ஒன். எங்கள் காலத்தில் ப்ளஸ் டூ 1200. இப்போது 500 என்றால் குறைவா?

இப்போது மொத்தம் 600. 2017-18-இல் ப்ளஸ் ஒன் சேர்ந்தவர்களிலிருந்து இந்தக் கணக்கு. ஒவ்வொரு பாடத்துக்கும் 200 இருந்தது 100 ஆனது. 500 நல்ல மதிப்பெண். மாநில ரேங்க் பட்டியலையும் 2017-இலேயே நிறுத்திவிட்டார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. நல்ல பள்ளி என்று நடுவில் தனியாருக்கு மாற்றுவதற்கு முன் இதையும் எண்ணிப் பாருங்கள்.

கேள்வி கேட்டால் டீச்சர் கோபித்துக்கொள்வாரோ என்று பயமாக இருக்கிறது.

நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் ஒரு தாயை வாசலிலேயே திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். அவர் மறுநாள் மறுபடி வந்தார். கையில் மகளின் கணக்கு நோட்டு இருந்தது. ஒரு பக்கத்தில் வேப்பிலைக் காம்பை அடையாளமாக வைத்திருந்தார். "இந்த இடத்தில் அவள் நிற்கிறாள், எனக்கு இதுமட்டும் சொல்லுங்கள்" என்றார். ஆசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.